நாச்சிமுத்து உண்டு, நாச்சிமுத்து இல்லை

ஏனுங்க, உங்களை யாராவது ஒரு கட்டத்துக்குள்ளே எழுதியிருக்காங்களா? ரேஷன் கார்டைச் சொல்லலீங்க. வோட்டர் லிஸ்ட்டும் இல்லை. அதிலெல்லாம் மனுசன் பேரைத்தான் எழுதுவாங்க, தப்பாவாவது எழுதுவாங்க. நான் சொல்றது வேற. தூள் நைஸா கொரகொரப்பா, மாவு கூடவா குறைச்சலா, சூடு அறுபதா எழுபதா, அதுக்கு அடுத்த கட்டத்துல நாச்சிமுத்து உண்டா இல்லையா. அந்த நாச்சிமுத்து நான்தானுங்க. இருபத்திரெண்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில என்னை மாவுக்கும் சூட்டுக்கும் பக்கத்துல ஒரு சாமானா எழுதி வச்சுட்டாங்க.

நீங்களும் இந்த பஸ்ஸுல பாலக்காடு வரைக்கும்தானே? அப்ப நிதானமாவே சொல்லலாம். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரட்டும். இவ்வளவு வேண்டாம். பாதி. இன்னும் ஒரு விரக்கடை. ஆங், இருக்கட்டும்.

கொசுவத்தி கம்பெனிங்க. உடுமலைப்பேட்டையிலேர்ந்து தாராபுரம் ரோட்டுல நாலு மைல். ‘பூங்கனவு’ கொசுவத்தின்னு பேரு. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. பச்சைச் சுருள், ரெண்டு வட்டம் ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்ச மாதிரி வரும், பிரிக்கும்போது ஒண்ணு உடையும், அதேதான். கொட்டாங்குச்சித் தூள், மரத்தூள், மரவள்ளி மாவு, மருந்து, பச்சைச் சாயம் எல்லாத்தையும் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, தகடாத் தட்டி, அச்சுல வெட்டி, தட்டுல அடுக்கினா ஈரச் சுருள். அந்த ஈரச் சுருள் என் கைக்கு வரும். காய வைக்கிற ரூம் என்னுது. என்னுதாத்தான் இருந்துச்சு.

காய வைக்கிறதுன்னா ஏதோ வடகம் காயப் போடுற வேலைன்னு நினைச்சுக்காதீங்க. முப்பது ரேக்கு, ரேக்குக்கு இருபது தட்டு. கீழே சூட்டுக் காத்து வர்ற குழாய். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. நாலு பக்கமும் நாலு சன்னல். ஒரு லோடு உள்ளே போனா ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்துல நான் ஒரு நிமிஷம் உக்கார்ந்ததில்லீங்க. உள்ளே போவேன், ஒரு சுருளைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமா? திருகை ஒரு சுத்து கூட்டுவேன். அடுத்ததைத் தொடுவேன். காய்ஞ்சிருக்கா? அரைச் சுத்து குறைப்பேன். மேல் தட்டைக் கீழே இறக்குவேன், கீழ்த் தட்டை மேலே ஏத்துவேன். வடக்குச் சன்னலைத் திறப்பேன், தெற்குச் சன்னலைச் சாத்துவேன். அப்புறம் மனசு கேக்காது, தெற்கைத் திறந்து வடக்கைச் சாத்துவேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை. யாரும் சொல்லிக் கொடுக்கலை. நானாக் கத்துக்கிட்டது.

ஏன் உக்கார மாட்டேன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலை, நானே சொல்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூணாம் நாள். ரூம் நல்லா ஓடிட்டிருக்கு. ஒரு வேலையும் இல்லை. ஸ்டூல்ல உக்கார்ந்தேன். பெரிய முதலாளி வந்தார். இப்ப இருக்கிறவரோட அப்பா, காலமாயிட்டார். நான் எந்திரிச்சதும் ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயிட்டார். பத்து நாள் அவர் ரூம் வாசல்ல கிடந்துச்சு, அது மேலதான் செருப்பைக் கழட்டி வைப்பார். நான் போறப்ப வர்றப்பெல்லாம் பார்ப்பேன். அன்னைக்குப் பிடிச்ச ஓட்டம்ங்க. இப்ப இருக்கிற முதலாளி தண்டபாணி, குணமானவர், அவரையும் சும்மா சொல்லக் கூடாது, ஆயுத பூஜைக்கு ‘ஓயாத உழைப்பாளி’ன்னு பேர் போட்டுச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார். மூணு வருஷம் சேர்ந்தாப்ல எனக்கே. வீட்டுல மூணு கடிகாரமும் மூணு நேரம் காட்டுது. இத்தனைக்கும் நான் தினமும் திருப்பிச் சரி பண்றேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன தை மாசம் கேரளாவிலேர்ந்து மொத்த வியாபாரி ஒருத்தர் காயிதம் போட்டுட்டார். ஒரே பெட்டியில பத்துச் சுருள், ஒண்ணு அஞ்சு மணி நேரத்துல தீர்ந்து போகுது, ஒண்ணு பத்து மணி நேரம் ஆனாலும் புகையுது, ஒண்ணு பாதியிலேயே அணைஞ்சு ஆளை எழுப்புது. மூணு மாசத்துல சரி பண்ணலைன்னா சரக்கு வேண்டாம்னு எழுதியிருந்தார். பாதிச் சரக்கு அவருக்குத்தான் போகுது. முதலாளி பயந்துட்டார். பயந்தவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கலை. நாகர்கோவில்லேர்ந்து ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தார்.

ஜெசிந்தான்னு பேரு. முப்பது வயசு இருக்கும். தரம் பாக்கிற என்ஜினியராம். வந்த அன்னைக்கே காய வைக்கிற ரூம் வாசல்ல ஒரு நோட்டை வச்சுக்கிட்டு நின்னாங்க.

“அண்ணே, இப்ப எதுக்கு அந்தத் திருகைத் திருப்புனீங்க?”

“ஈரமா இருந்துச்சுங்க மேடம்.”

“எத்தனை சுருளைத் தொட்டுப் பாத்தீங்க?”

“ஒண்ணு.”

“உள்ள எத்தனை கிடக்கு?”

“பதினெட்டாயிரம் இருக்குமுங்க.”

“அப்ப ஒண்ணு சொன்னதைக் கேட்டுப் பதினெட்டாயிரத்துக்கும் சூட்டைக் கூட்டிட்டீங்க.”

“அதெப்படிங்க மேடம்? அடுத்த சுருள் காய்ஞ்சிருந்துச்சு, உடனே குறைச்சுட்டேனே!”

நோட்டுல எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னது பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்.

அப்புறம் முதலாளி ரூம்ல கூட்டம். நான், மேடம், கலவை போடுற ருக்குமணி. இந்த ருக்குமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். மேடம் ஒரு தாளை விரிச்சாங்க. “சார், பெட்டியில எட்டு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. நூறு சுருளை எரிச்சுப் பார்த்தேன். சராசரி எட்டு மணி நேரம் வருது. பொய் இல்ல. ஆனா சராசரியை எவரும் கொளுத்துறதில்லையே, ஒரு சுருளைத்தானே கொளுத்துறாங்க? ஒண்ணு அஞ்சு, ஒண்ணு பத்துன்னு நேரம் செதறுதே, அதுதான் நமக்குப் பிரச்சினை.”

“புது மெஷின் ஏதாச்சும் வாங்கணுமாம்மா?”

“வேண்டாம் சார். எட்டு நாள் போதும். எது செதற வைக்குதுன்னு சோதனை போட்டுப் பாத்துருவோம். ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தா வருஷம் ஆகும். எல்லாத்தையும் சேத்து மாத்துவோம், ஆனா ஒரு கணக்கோட மாத்துவோம்.”

என்னென்ன மாத்துறதுன்னு எழுதினாங்க. தூள் நைஸா கொரகொரப்பா. மாவு கூடவா குறைச்சலா. தண்ணி கூடவா குறைச்சலா. சூடு அறுபதா எழுபதா. அஞ்சாவதா, தூளை யார்கிட்ட வாங்குறதுன்னு எழுதப் போனாங்க. முதலாளி பேனாவைப் பிடிச்சுட்டார்.

“அதை விட்டுரும்மா. தூள் எங்க மச்சான் கொடுக்கறது.”

“ஒரு லோடு மட்டும் வேற ஆள்கிட்ட வாங்கிப் பாத்தா...”

“மச்சானையெல்லாம் சோதனையில வைக்க முடியாதுங்கம்மா. அப்புறம் எனக்கு வீட்டுல சோறு விழாது.”

சிரிச்சோம். அந்தக் கட்டத்தை அடிச்சுட்டாங்க. மீதி நாலு. எட்டு நாளைக்கு எட்டுக் கலவை. கட்டம் கட்டமாக் கூட்டல் குறி, கழித்தல் குறி. பார்த்தா ஆடுபுலி ஆட்டம் மாதிரி இருந்துச்சு. அதோட விட்டாங்களா? எட்டு நம்பரையும் சீட்டுல எழுதி, மடிச்சு, டம்ளர்ல போட்டுக் குலுக்கச் சொன்னாங்க. இத்தனை படிச்சுட்டு வந்து குலுக்கல்!

“குத்துவிளக்கு ஏதாச்சும் விழுமா மேடம்?”ன்னா ருக்குமணி.

“வரிசையாப் போனா, நாள் ஆக ஆக வெயில் ஏறும், ஆளுக்கு அலுப்பு வரும், அதெல்லாம் கணக்குல கலந்து போவும். எது எப்ப வரும்னு முன்கூட்டியே அமைஞ்சுரப்படாது, பாத்துக்கிடுங்க. அண்ணே, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான். சீட்டுல உள்ள சூட்டை வச்சுருங்க. அப்புறம் தொடாதீங்க.”

“சரிங்க மேடம்”னேன். சொல்றதுல என்ன இருக்கு?

மொத நாளே ஆறாம் நம்பர் விழுந்துச்சு. கொரகொரப்புத் தூள், மாவு கம்மி, தண்ணி ஜாஸ்தி, சூடு எழுபது. நீங்களே சொல்லுங்க, இது உருப்படுமா? கதவைத் திறந்து பார்க்கறேன், சுருளெல்லாம் விளிம்புல வெடிக்கப் பார்க்குது. தொடாதீங்கன்னு சொன்னாங்க, வாஸ்தவம்தான். கெட்டுப் போகட்டும்னு சொன்னாங்களா? சொல்லலையே. சூட்டை அம்பத்தஞ்சுக்கு இறக்கினேன். தட்டையெல்லாம் மேலும் கீழும் மாத்தினேன். சன்னலை அனுசரிச்சேன். பிழைச்சுக்கிச்சு. மறுநாள் மூணாம் நம்பர், ரொம்பச் சொத சொதன்னு இருந்துச்சு, சூட்டைத் தூக்கினேன். எட்டு நாளும் அப்படித்தான். மோசமானதை மேலே கொண்டாந்தேன். நல்லாப் போய்ட்டிருந்ததையும் சும்மா விடலை, என் பங்குக்கு அதுக்கும் ஏதாச்சும் செய்யணுமில்ல? மேடம்கிட்ட சொல்லலை. அவங்க மனசு நோகும்.

அந்தம்மா உழைக்கலைன்னு சொல்ல மாட்டேன். காலையில ஆறு மணிக்கு எரிக்கிற ரூம்ல போய் உக்காருவாங்க. கலவைக்குப் பத்துச் சுருள் கொளுத்தி, ஒவ்வொண்ணும் அணையற நேரத்தைக் குறிக்கணும். சாயங்காலம் வெளியே வர்றப்ப கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கும். எட்டுக் கலவையும் எரிச்சு முடிச்சு, முதலாளி ரூம்ல, கணக்கைக் கோடாப் போட்ட படத்தை விரிச்சாங்க. முகத்துல ரத்தம் இல்லை.

“ஒண்ணுமே பேச மாட்டேங்குது சார். எதை மாத்தினாலும் எட்டும் ஒண்ணு போலச் செதறுது. இப்படி இருக்க முடியாது. எங்கயோ என்னமோ...”

முதலாளி விரலால மேசையைத் தட்டினார். “ஒரு மாசம் போச்சுங்கம்மா.”

எனக்குப் பாவமாப் போச்சு. நல்ல பொண்ணு, ஊர் விட்டு ஊர் வந்து பேச்சு வாங்குது. நான் முன்னால போனேன். “முதலாளி, மேடத்தை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க போட்டதுல பாதிக் கலவை தேறவே தேறாதுங்க. எட்டையும் கரை சேர்த்தது நான்”னு, ஆறாம் நம்பர்லேர்ந்து ஒவ்வொண்ணுக்கும் என்ன பண்ணினேன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன்.

ருக்குமணி முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. மேடம் நாற்காலியில உக்கார்ந்துட்டாங்க. சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு கண்டுபிடிக்க முடியலை, கண்ணு ஏற்கனவே புகையில கெட்டிருந்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்து, “அண்ணே, இத்தனை நாளும் நான் தேடிக்கிட்டிருந்தது உங்களைத்தான்”னாங்க.

இந்த வார்த்தையை இருபத்திரெண்டு வருஷத்துல யாரும் என்கிட்ட சொன்னதில்லீங்க.

மறுநாள் புதுக் கட்டம் சுவத்துல ஒட்டினாங்க. தூள், மாவு, சூடு. தண்ணியை எடுத்துட்டு அந்த இடத்துல என் பேரு. நாச்சிமுத்து உண்டு, நாச்சிமுத்து இல்லை. மறுபடி எட்டுக் கலவை. நாலுல நான் என் இஷ்டப்படி பார்த்துக்கலாம். நாலுல ரூமைச் சாத்திட்டு யாரும் உள்ளே போகக் கூடாது. நானே ருக்குமணியைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன், பாரு என் பேரு இருக்குன்னு. “ஏனுங்ணா, மேல மாவு பேரும்தான் இருக்குது. அது ஒண்ணும் குதிக்கலையே”ன்னா. பொறாமை.

வீட்டுல சொன்னேன். தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டேன், முடிவு சொல்ற அன்னைக்கு போட்டோ கீட்டோ எடுப்பாங்கன்னு. வீட்டுக்காரி, “இல்லைன்னு எழுதின நாலுல நல்லா வந்துட்டா?”ன்னு கேட்டா. “எப்படிடி வரும்?”னேன். “நீங்க உங்க அக்கா ஊருக்குப் போன ரெண்டு நாளும் சோறு நல்லா வெந்துச்சு”ங்கறா. நான் இருந்தா அடுப்பைக் கூட்டிக் குறைச்சு அவளுக்கு எவ்வளவு ஒத்தாசை பண்றேன் தெரியுங்களா? நன்றியே கிடையாது.

உண்டுன்னு விழுந்த நாளெல்லாம் நான் ரூம்ல ஆடித் தீர்த்துட்டேன். எழுபது தடவை திருகினவன் நூறு தடவை திருகினேன். போட்டின்னு வந்துட்டா விட முடியுமா?

இல்லைன்னு விழுந்த நாள்தானுங்க கஷ்டம். கதவைச் சாத்தி, குறுக்கே காயிதம் ஒட்டி, மேடம் கையெழுத்துப் போட்டாங்க. எனக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டாங்க. “டீ குடிச்சுக்கிட்டு உக்காருங்கண்ணே. இன்னைக்கு உங்க வேலையே உக்கார்றதுதான்.” உக்கார்ந்தேன். ஆறு மணி நேரம். ஆஸ்பத்திரியில பெண்டாட்டி உள்ளே இருக்க, புருஷன் வராந்தாவுல உக்கார்ந்திருப்பானே, அப்படி. உள்ளே பதினெட்டாயிரம் சுருள். எது காயுதோ எது வேகுதோ. முதலாளி அந்தப் பக்கம் போனா நான் எந்திரிச்சுருவேன். “உக்காருங்க உக்காருங்க”ன்னு சொல்லிட்டுப் போவார். அவர் சொன்னாலும் முட்டி மடங்க மாட்டேங்குதுங்க. அதை விடுங்க, இந்தக் கை இருக்கே, இதை என்ன பண்றதுன்னே தெரியலை. மடியில வச்சுப் பார்த்தேன். அக்குள்ல வச்சுப் பார்த்தேன். என்னமோ வேற ஒருத்தரோட கையைச் சுமந்துட்டு உக்கார்ந்திருக்கற மாதிரி இருந்துச்சு.

முடிவு வந்துச்சு. இல்லைங்கற நாலுல, ஏழாம் நம்பர் படுமோசமாச் சிதறியிருந்துச்சு! பார்த்தீங்களா? நான் இல்லைன்னா என்ன ஆகும்னு அதுலயே தெரியுதில்ல? நான் அதைத்தான் முதலாளிகிட்ட சொல்ல இருந்தேன். அதுக்குள்ளே மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க.

“அண்ணே, ஏழாம் நம்பர் அன்னைக்கு உள்ள போனீங்களா?”

“வாசல் வழியா நான் போகவே இல்லீங்க. காயிதம் ஒட்டினபடி இருந்துச்சே.”

“பின்னால ஷட்டர் இருக்கே.”

“அது... ரெண்டே நிமிஷங்க மேடம். சும்மா ஒரு எட்டு. தட்டு கொஞ்சத்தை மட்டும் மாத்தி வச்சேன். திருகை ஒரு நாலு சுத்து. சன்னலைத் திறந்தேன், திரும்பச் சாத்திட்டேன், அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்.”

அவங்க நேரா சுவத்துக்குப் போய், பேனாவை எடுத்து, ஏழாம் நம்பர்ல ‘இல்லை’ன்னு இருந்ததை அடிச்சுட்டு ‘உண்டு’ன்னு எழுதினாங்க. என் கண்ணு முன்னாலேயே! படிச்சவங்க பண்ற வேலையாங்க இது? நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. அப்புறம் ஏழாம் நம்பரை மறுபடி முதல்லேர்ந்து போட்டாங்க. அன்னைக்கு முன்வாசல்ல காயிதம், பின்னால ஷட்டர்கிட்ட அவங்களே நாற்காலி போட்டு உக்கார்ந்துட்டாங்க. ஆறு மணி நேரம் ஆளு அசையலை. எப்படித்தான் முடியுதோ.

அந்த ஏழாம் நம்பரும் நல்லா வந்துச்சு. ஆக, நான் உண்டுன்னா அஞ்சு மணி நேரத்திலேர்ந்து பத்து மணி நேரம் வரைக்கும் சிதறல். நான் இல்லைன்னா ஏழேமுக்காலுக்கும் எட்டே காலுக்கும் நடுவுல பத்துச் சுருளும் அடக்கம். தூள் நைஸா இருந்தா கொஞ்சம் தேவலை. மாவும் சூடும் எப்படி இருந்தாலும் பெரிசா ஒண்ணும் இல்லையாம். படத்துல என் பேருக்கு மட்டும் ஒரு கோடு, தென்னை மரத்துல ஏறுற மாதிரி செங்குத்தா. மத்ததெல்லாம் படுத்துக் கிடக்கு. முதலாளி அந்தக் கோட்டையே பார்த்துட்டிருந்தார்.

“இருபத்திரெண்டு வருஷம்”னார். அவ்வளவுதான்.

“எத்தனை கொசுவுக்குப் புண்ணியம் பண்ணியிருக்கீங்ணா”ன்னா ருக்குமணி.

நான் விடலீங்க. “முதலாளி, இந்த ரூமை விட்டா எனக்கு என்ன தெரியும்? திருகைக் கழட்டிக் கூட வச்சுக்குங்க. உள்ளே போய் வர விடுங்க, போதும்”னு கேட்டேன். கேட்டேன்னா, கெஞ்சினேன்னே வச்சுக்குங்க. அவரு மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தாங்க. அடுத்த திங்கக்கிழமை திருகுக்கு ஒரு இரும்புப் பெட்டி போட்டாச்சு. சன்னலுக்கு வெல்டிங். என்னை எரிக்கிற ரூமுக்கு மாத்திட்டாங்க.

எரிக்கிற ரூம்னா என்ன வேலை? கொளுத்திட்டு உக்காரணும். அணைஞ்சா எவ்வளவு நேரம் எரிஞ்சுச்சுன்னு எழுதணும். மொதல்ல ஒரு மாசம் உக்கார்ந்தேன். எட்டு மணி ரெண்டு நிமிஷம். ஏழு மணி அம்பத்தெட்டு நிமிஷம். எட்டு மணி நாலு நிமிஷம். மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும் அதே. பத்துப் பொட்டு நெருப்பும் ஒண்ணாவே நகரும், ஒண்ணாவே போய்ச் சேரும். பார்த்துட்டே இருந்தா ஒரு மாதிரி ஆயிடும்ங்க. யாருமே தொடாமக் காய்ஞ்ச சுருள். நல்லாத்தான் எரியுது. அதுல என்னோடதுன்னு ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது மாசம், சுருளுக்குக் காத்து பத்தலையோன்னு தோணுச்சு. மூலையில கிடந்த ஃபேனை எடுத்துக் கொஞ்சம் இப்படித் திருப்பி வச்சேன். இந்தப் பக்கம் வேகமா எரிஞ்சுச்சு, சரின்னு அந்தப் பக்கம் திருப்பினேன். அந்த வாரம் எழுதின நேரமெல்லாம் பழையபடி அங்கொண்ணும் இங்கொண்ணுமாப் போயிடுச்சு. பாவம் அந்தம்மா, தூளைச் சலிக்கறாங்க, மாவை நிறுக்கறாங்க, ரெண்டு நாள் தூங்கலை. மூணாம் நாள் எரிக்கிற ரூமுக்கு வந்தாங்க. ஃபேனைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. ஸ்விட்சை அணைச்சுட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். போச்சு, சீட்டு கிழிஞ்சுதுன்னுதான் போனேன். அவரு நாற்காலியைக் காமிச்சு, உக்காருங்கன்னார். எனக்கு டீ வரவழைச்சார்.

“நாச்சிமுத்து, உங்களை மாதிரி ஒரு ஆளை நான் இங்கே வீணடிச்சுட்டிருக்கேன். மனசு கேக்கலை. பாலக்காட்டுல நமக்குப் போட்டிக் கம்பெனி இருக்குதில்ல? அவங்களுக்குக் காய வைக்கிற ரூமுக்கு ஆள் வேணுமாம்.”

சொல்லிட்டு, என் முன்னாலேயே அந்த முதலாளிக்குப் போன் போட்டார். “ஏனுங்க, உங்களுக்குன்னு ஒரு ஆள் அனுப்பறேன். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ங்க. தங்கமான ஆளு. ஒரு நிமிஷம் உக்கார மாட்டார், நானே சாட்சி... அட, உங்களுக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறேன்... முழுப் பொறுப்பும் அவர்கிட்ட விட்டுருங்க. எதுலயும் குறுக்கே போகாதீங்க. அவர் கைப்படி விடுங்க.”

போட்டிக் கம்பெனிக்குப் போய் இப்படி மனசார எடுத்துக் கொடுக்கறவர் யாருங்க இந்தக் காலத்துல? எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வெளியே வந்தா ருக்குமணி மாவு மூட்டை மேல உக்கார்ந்து சிரிக்கறா, சிரிக்கறா, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. “முதலாளி குண்டு போட்டுட்டாருங்ணா, பாலக்காட்டு மேல குண்டு போட்டுட்டாரு!” என்ன உளர்றாளோ. நான் போறதுல அவளுக்கு உள்ளுக்குள்ளே வருத்தம், காமிச்சுக்கத் தெரியலை.

இன்னைக்குக் காலையில கேட்டு வரைக்கும் வந்து வழியனுப்பினது ஜெசிந்தா மேடம் ஒருத்தர்தான். போட்டோவெல்லாம் யாரும் எடுக்கலை.

“அண்ணே, அங்க போயி மொத நாலு நாள் ஒண்ணையும் தொடாம உக்காந்து மட்டும் பாருங்க. யாரும் உங்க ஸ்டூலைத் தூக்கிட்டுப் போவ மாட்டாங்க.”

ஸ்டூல் விஷயம் இவங்களுக்கு யார் சொன்னா? ருக்குமணியாத்தான் இருக்கும்.

“பெரிய முதலாளி எனக்கு வேலை கத்துக் கொடுத்தவருங்க மேடம்”னேன்.

“ஆமாண்ணே. உக்காந்தாக் குத்தம்னு ஒருத்தர் கத்துக் குடுத்தாரு. ஓடுனதுக்கு ஒருத்தர் கடியாரம் குடுத்தாரு. அவங்களுக்கெல்லாம் என்னால கட்டம் போட முடியாது. மச்சானுக்கே போட விடல. உங்களுக்குத்தான் போட முடிஞ்சுது.” சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ளே போயிட்டாங்க. என்ன சொல்ல வந்தாங்கன்னு உடுமலையிலேர்ந்து யோசிச்சுட்டு வர்றேன், பிடிபடலை. படிச்சவங்க பேச்சே அப்படித்தான், பாதி வாய்க்குள்ளேயே நின்னுரும். என்னை அந்த ரூமை விட்டு விரட்டினவங்க, கடைசியில அவங்க கண்ணுதான் சிவந்திருந்துச்சு. இன்னைக்கு அவங்க எரிக்கிற ரூமுக்குப் போகவே இல்லை.

அது கிடக்கட்டும். நானே பேசிட்டு வர்றேன். நீங்க பாலக்காட்டுலயே குடியிருக்கீங்களா? கொசு எப்படி? வீட்டுல எதைக் கொளுத்தறீங்க?

இரட்டைக்குயில் கொசுவத்தியா! அட, அந்தக் கம்பெனிக்குத்தானுங்க போறேன்! எப்படி எரியுது? கொளுத்தி வச்சா விடியற வரைக்கும் நிக்குதா? எல்லாமே ஒரே மாதிரியா? ஒண்ணு கூடக் குறையே இல்லையா?

அப்ப நீங்க ஒண்ணு பண்ணுங்க. அடுத்த மாசம் வாங்குற பெட்டியிலேர்ந்து ஒவ்வொரு சுருளையும் நல்லாக் கவனிச்சுப் பாருங்க. வித்தியாசம் தெரியும்.